வரிசையில் புகுந்த வண்டி

எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் வரிசையில், "கியூவுல பூந்து வராதீங்கப்பா" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவர் சுப்பராயன். மற்ற டிரைவர்கள் வைத்த பெயரே கியூ சுப்பராயன். அப்பேர்ப்பட்ட உத்தமர்தான் அன்று காலை கொஞ்சம் இடைவெளி கண்டதும், செங்குட்டுவன் வண்டிக்கு முன்னால் தன் வண்டியைச் சொருகினார்.

செங்குட்டுவன் தலையை நீட்டித் திட்டினான். சுப்பராயன் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். வரிசை நகர்ந்தது, செங்குட்டுவன் வண்டி மட்டும் நகரவில்லை. 'கோச்சுக்கினான், கெடக்கட்டும்' என்று கண்ணாடியைப் பார்த்து இளித்தார், மகா புத்திசாலி. பின்வண்டிகள் ஹாரன் அடித்துக் கத்திய பிறகுதான், சமாதானத்துக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு போனார். ஸ்டியரிங்கில் கவிழ்ந்து, எச்சில் வழியக் கிடந்தான் செங்குட்டுவன். உலுக்கியும் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, அவன் மனைவி குணசுந்தரியிடம் சொன்னார்: "மூளைக்குப் போற பெரிய குழாயில ரத்தக்கட்டி அடைச்சிருக்கு. அதான் கோமா. தொடை வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டுக் கட்டியை எடுத்துப் பார்க்கலாம். புது வைத்தியம். ஆனா அடைச்சு ரொம்ப நேரம் ஆகியிருந்தா மூளையில ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து. கடைசியா எப்போ நல்லாப் பேசினார்?"

"நேத்து ராத்திரி வூட்டாண்ட பேசுனாரும்மா. அப்பால எனக்குத் தெரியாதே!" என்று அழுதாள்.

"அப்படின்னா செய்ய முடியாதும்மா."

சுற்றிலும் டிரைவர்கள். சுப்பராயன் அவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வாயைத் திறந்தால் மானம் கப்பலேறிவிடும். கப்பலுக்கு அங்கே பஞ்சமும் இல்லை. திறக்காவிட்டால் செங்குட்டுவன் போய்விடுவான்.

"கார்த்தால பேசுனாரும்மா, என்னாண்ட. கம்பெனில எட்டு மணி சங்கு ஊதுனப்போ."

"வாய் குழறுச்சா? என்ன சொன்னார், அப்படியே சொல்லுங்க."

"அப்படியேவா?"

"அப்படியே."

சுப்பராயன் கண்ணை மூடிக்கொண்டார். "டேய் சோமாரி, பேமானி! ஊருக்கே கியூ கியூன்னு கூவிகினு இப்டி பூந்து வர்றியே, சோறு துன்றியா வேற எதுனா துன்றியான்னு கேட்டாரும்மா."

"தெளிவாத்தான் பேசியிருக்கார். நேரம் இருக்கு" என்று டாக்டரம்மா உள்ளே ஓடினார். டிரைவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் என்றிருந்தது சுப்பராயனுக்கு.

கட்டியை எடுத்துவிட்டார்கள். மறுநாள் செங்குட்டுவன் கண் திறந்தான். ஆனால் பேச்சில்லை, வலது கை அசையவில்லை. டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார், குணசுந்தரி கெஞ்சிப் பார்த்தாள். கை கட்டையாகக் கிடந்தது.

கட்டிலுக்கு எதிரே கண்ணாடிக் கதவு. வெளியே பார்க்க வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் போய் வந்தால்தான் அடுத்தவர். சுப்பராயனுக்குப் பொறுக்கவில்லை. எல்லோரையும் இடித்துக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தார்.

செங்குட்டுவன் அவரையே பார்த்தான். முகம் கடுகடுத்தது. போர்வைக்கு வெளியே வலது கை மெல்ல எழுந்து, நடுங்கிக்கொண்டே, வரிசையின் கடைசியைக் காட்டியது.

"ஐயோ, கை! கை!" என்று கத்தினாள் குணசுந்தரி.

"போறேன் நைனா, போறேன்" என்று சுப்பராயன் ஓவென்று அழுதபடி, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.