அறுபது கட்டு அட்டை

அறுபது கட்டு பழைய அட்டை. அட்டையை அமுக்கிக் கட்டும் பிரஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒவ்வொன்றும் நானூறு கிலோ. ஆக மொத்தம் இருபத்து நான்கு டன். கிடங்கு நிறைந்து, அட்டையை வாங்கும் காகித மில்லின் ஆளுக்காகக் காத்திருந்ததால் மூன்று வாரமாக ஒரு துண்டு அட்டைகூட உள்ளே வரவில்லை, வெளியேயும் போகவில்லை. ஆனால் பரிசோதகர் வந்து எடை போட்டபோது இருபத்தைந்து டன் எண்ணூறு கிலோ இருந்தது.

கிடங்குக்குக் கொடுத்திருந்த தற்காலிகச் சேமிப்பு ஒப்புதலில் எல்லை இருபத்தைந்து டன். பத்து நாள் கழித்து மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார் பரிசோதகர். அப்போதும் மிஞ்சினால் ஒப்புதல் ரத்து, வாசலில் பூட்டு. கிடங்கை நடத்துபவள் அக்கா. பிரஸ்ஸை ஓட்டுபவன் நாற்பது வயதுத் தம்பி. இருவருக்கும் வேறு பிழைப்பு கிடையாது.

"நீதான் சீட்டுல குறைச்சு எழுதியிருக்க," என்றாள் அக்கா.

"ஆமா, மிச்ச ஆயிரத்து எண்ணூறு கிலோவ சட்டைப் பையில வச்சு உள்ள கொண்டு வந்தேன்."

"அப்ப தராசு பொய் சொல்லுது. ஏறி நில்லு."

தம்பி எடைமேடையில் ஏறி நின்றான். எழுபத்திரண்டு காட்டியது.

"வீட்டுத் தராசுலயும் இதேதான்."

"அப்ப தராசு யோக்கியம். உன் மேலதான் இன்னும் சந்தேகம்."

மழை இல்லை. கூரையில் ஓட்டை இல்லை. அக்கா ஏணி வைத்து ஏறித் தகரத்தை வெயிலுக்கு எதிராகப் பார்த்தாள். ஊசி நுழையும் ஒளிகூடத் தெரியவில்லை. பரிசோதகர் ஃபோர்க்லிஃப்டால் எடைமேடையில் நாலைந்து கட்டாக ஏற்றித்தான் எடை போட்டிருந்தார். இவர்கள் ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினார்கள். முழுசாக ஒரு நாள் ஆயிற்று.

மேல் அடுக்கு இருபதும் நானூறு. நடு அடுக்கு இருபதும் நானூறு. அடி அடுக்கில் ஒவ்வொன்றும் நானூற்றுத் தொண்ணூறு.

அக்கா ஓர் அடிக்கட்டின் கம்பியை வெட்டினாள். மேல்பக்கத்து அட்டை நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருந்தது. கீழே போகப் போகக் குளிர்ந்து, கடைசியில் ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்தது.

அட்டையின் விளிம்பை உற்றுப் பார்த்தால் இது புரியும். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு அலையும் ஒரு மெல்லிய குழாய். அட்டையைச் செங்குத்தாகத் தண்ணீரில் நிறுத்தினால் குழாய் வழியாகவும் தாளின் நார் வழியாகவும் ஈரம் தானாக ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல. நானூறு கிலோ கட்டில் இப்படிப்பட்ட குழாய்கள் லட்சக்கணக்கில் இருக்கும். குடிக்கத் தண்ணீர் இருந்தால் போதும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதும் அப்போது தெரிந்தது. ஒப்புதலின் நிபந்தனைகளில் ஒன்று, தரையைத் தினமும் கழுவ வேண்டும். இன்னொன்று, கழுவிய தண்ணீர் வெளியே ஓடக் கூடாது. அதற்காகத் தரையைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்கு வரப்பு கட்டியிருந்தார்கள். தம்பி தினமும் கழுவி, ரப்பர் துடைப்பத்தால் தண்ணீரை ஒரு மூலைக்குத் தள்ளி அள்ளுவான். கட்டுகளுக்கு அடியில் துடைப்பம் நுழையாது.

"ஒரு நாள்கூட விடாம கழுவினேனே," என்றான் தம்பி.

"அதாண்டா தப்பு. சோம்பேறியா இருந்திருந்தா பிழைச்சிருப்போம்."

மறுநாள் சோதித்துப் பார்த்தார்கள். காய்ந்த கட்டு இரண்டு. ஒன்று வெறும் தரையில், ஒன்று அரைச் சாண் உயர மரத்தட்டின் மேல். சுற்றிலும் வழக்கம்போலக் கழுவினார்கள். மூன்றாம் நாள் தரையில் இருந்தது பன்னிரண்டு கிலோ ஏறியிருந்தது. தட்டின் மேல் இருந்தது அப்படியே இருந்தது.

தம்பி விசிலடித்தான். அக்கா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் களையே இல்லை.

ஒரு கட்டு ஒரு மீட்டர் உயரம். மூன்று அடுக்கு, மூன்று மீட்டர். ஒப்புதலில் உயரத்தின் எல்லையும் மூன்று மீட்டர்தான். கீழே மரத்தட்டு வைத்தால் அரைச் சாண் தாண்டிவிடும். இரண்டு அடுக்காகக் குறைக்கலாம். ஆனால் தரையில் மஞ்சள் கோடு போட்ட கட்டங்கள் இருபதுதான். நாற்பது கட்டுக்கு மேல் இடமில்லை. மில்காரர்களோ ஒரு முழு லாரிக்கான இருபத்து நான்கு டன்னும் கிடங்கில் சேர்ந்த பிறகுதான் ஈரம் பார்க்க ஆள் அனுப்புவார்கள். அதற்குப் பிறகுதான் லாரி. சின்ன லாரி பிடித்தால் வாடகையே அட்டையின் விலையை விழுங்கிவிடும்.

"கட்டையே கொஞ்சம் குள்ளமா அமுக்கிட்டா?"

"பிரஸ் இதுக்கு மேல அமுக்காது. குள்ளமாக்கணும்னா அட்டையத்தான் குறைக்கணும். இருபத்து நாலு டன் சேராது."

"தட்டுக்குப் பதிலா பிளாஸ்டிக் விரிச்சா?"

"ஃபோர்க்லிஃப்ட் ரெண்டு தடவ போனா கிழிஞ்சுரும். நீ ஓட்டினா ஒரே தடவ."

தம்பி சிரிக்கவில்லை.

அக்கா பரிசோதகரின் அலுவலகத்துக்குப் போனாள். அவர் காகிதத்தில் அவள் போட்டிருந்த படத்தை நிதானமாகப் பார்த்தார்.

"சரியா கண்டுபிடிச்சிருக்கீங்கம்மா. நான்கூட நீங்க ஏமாத்துறீங்கன்னுதான் நெனச்சேன்."

"அரைச் சாண்தான் சார். உயரத்துல அத மட்டும் விட்டுக் கொடுக்க முடியாதா?"

"மேல் அடுக்குல தீ பிடிச்சா உங்க குழாய்த் தண்ணி எட்டணும். அதுக்குத்தான் மூணு மீட்டர். கழுவலேன்னா குப்பையில எலி வரும். தண்ணிய வெளிய விட்டா பக்கத்து வீட்டுக் கிணத்துக்குப் போகும். இதுல எத நான் எடுக்கட்டும், சொல்லுங்க."

ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது.

"மாத்தணும்னா புது விண்ணப்பம் போடலாம். ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் கிடங்குல ஒண்ணும் வைக்கக் கூடாது."

"அதுக்கு நானே பூட்டிட்டுப் போயிரலாமே, சார்."

"நான் என்னம்மா செய்ய," என்றார் அவர். உண்மையாகவே வருத்தப்பட்டார். தேநீர் வாங்கிவரச் சொன்னார். அவள் குடிக்காமல் வந்துவிட்டாள்.

ஊறிய இருபது கட்டையும் குப்பைமேட்டுக்கு அனுப்பினார்கள். மீதி நாற்பதையும் தட்டுகளின் மேல் இரண்டு அடுக்காக வைத்தார்கள். பத்தாம் நாள் பரிசோதகர் வந்தார், எடை போட்டார், உயரம் அளந்தார், முத்திரை குத்தினார். ஒப்புதல் தொண்ணூறு நாளுக்கு நீண்டது. அதற்குள் நாற்பது கட்டும் வெளியேற வேண்டும் என்பது கடைசி நிபந்தனை.

அக்கா மில்லுக்குப் போன் செய்தாள். இருபத்து நாலு டன் சேர்ந்ததும் கூப்பிடச் சொன்னார்கள்.

தம்பி பிரஸ்ஸின் மேல் தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டினான். பிறகு, நிபந்தனைப்படி, தரையைக் கழுவினான்.

"இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டாள் அக்கா.

"பதினாறு டன். நேத்தும் பதினாறு."

கட்டைத் தரையில் வைக்கக் கூடாது. அரைச் சாண் மரத்தட்டு போட்டு, இரண்டு அடுக்கோடு நிறுத்திவிட்டால், எத்தனை நாள் ஆனாலும் எடை ஒரு கிலோகூட ஏறாது.