கட்டம் தள்ளிய விடைகள்

"தப்பைச் சொல்லிக்காட்டுறவங்க நல்லவங்களாம்மா, கெட்டவங்களா?" வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே மகள் ஒருநாள் கேட்டாள்.

"சொல்ற விதத்தைப் பொறுத்தது," என்றாள் அம்மா. மனதில் நின்றது பயிற்சி மையத்தின் பக்கத்துப் பெஞ்சுக்காரன்.

அம்மா தையல் கடையில் வேலை பார்த்துக்கொண்டே எழுத்தர் தேர்வுக்குப் படித்தாள். இருந்தது ஒரே காலியிடம். பயிற்சி மையத்தில் ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு. முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றித் திருத்த வேண்டும். அவள் தாள் அவனிடம் போகும். எப்போதும் முதலிடம் அவனுக்கே என்பதால் வகுப்பு அவனைக் 'கலெக்டர்' என்றது.

"தனிவட்டி கேட்டா அக்கா கூட்டுவட்டி போட்டிருக்காங்க. தாராள மனசு," என்று எல்லோரும் கேட்கப் படிப்பான். வகுப்பு சிரிக்கும்.

வீட்டுக்கு வந்து அந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போடுவாள். அவன் வாயில் விழுந்த கேள்வியில் அவள் மறுபடி தவறியதில்லை. ரோஷம் அப்படி.

ஒரு வாரம் அவன் தாளில் ஒரு கோளாறைக் கண்டாள். கடினமான கேள்வியைத் தள்ளிவைப்பவன், விடைத்தாளில் அதன் கட்டத்தைக் காலியாக விட மறந்திருந்தான். அதற்குப் பின் அந்தப் பத்தி முடியும்வரை விடைகள் ஒவ்வொன்றும் ஒரு கட்டம் மேலேறி நின்றன. சிவப்புப் பேனாவை எடுத்தவள், எல்லாம் சரியென்று டிக் போட்டாள். அவன் மொத்தத்தை மட்டும்தான் பார்ப்பான். உண்மைத் தேர்வில் திருத்துவது இயந்திரம். அதற்குக் கண்ணும் இல்லை, கருணையும் இல்லை.

"நம்ம தாள்ல கை வைக்க முடியலையாக்கா?" என்றான் அவன்.

"உங்ககிட்ட என்ன தப்பு இருக்கப்போகுது, கலெக்டரே."

வாராவாரம் அவன் அதே தப்பைச் செய்தான்; அவளும் அப்படியே டிக் போட்டாள். கடவுளிடம் கைகூப்பும்போதும் அவன் விழுவதையே கேட்டாள்.

கடைசி மாதிரித் தேர்வில் அவன் அவளுடைய தாளை இருமுறை புரட்டினான். "இன்னைக்குப் படிச்சுக் காட்ட ஒண்ணும் இல்லப்பா. என் தாளைத் திருத்தி மேசையில வச்சிருங்கக்கா, காலையில வந்து எடுத்துக்கறேன்," என்று எழுந்து போனான். அறை காலியானது.

ஒரு தப்பும் இல்லாத தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லிக்காட்டிச் சொல்லிக்காட்டித்தான் அது இப்படி ஆகியிருந்தது. அவனுக்கு அவள் சொன்ன தப்பு ஒன்றுகூட இல்லை. மகளின் கேள்வி திரும்ப வந்தது.

அவன் தாளில் இந்த முறையும் கட்டம் தள்ளிப்போயிருந்த பத்தி முழுக்கச் சிவப்பில் பெருக்கல் குறி போட்டாள். தவறவிட்ட கட்டத்துக்கு ஓர் அம்புக்குறி. பக்கத்தில், 'வாராவாரம் இப்படித்தான். நான்தான் சொல்லல.'

வேறு யார் கண்ணிலும் படாதபடி தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்திக் கதவைச் சாத்தினாள்.