ஐந்து பாயிண்ட் எழுத்து

குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, மருமகள் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்தாள். பிரித்தாள், பிரித்தாள், பிரித்துக்கொண்டே இருந்தாள். தீப்பெட்டி அளவு மடிப்பிலிருந்து படுக்கை விரிப்பே வந்தது. அதைப் பழையபடி மடிக்கத் தெரிந்தவர் இந்த வீட்டில் ஒருவர்தான். அவர், அவளுடைய மாமனார், கூடத்தில் கிடந்தார். பக்கத்தில் டாக்டர். இன்னும் ஐந்து நிமிடத்தில், "காலைல என்ன மாத்திரை குடுத்தீங்க?" என்று கேட்கப்போகிறார்.

அவள்தான் கொடுத்தாள். கிழமை போட்ட மாத்திரை அட்டையைத் திரும்ப வைக்கும்போதுதான் கவனித்தாள்: இன்றைய குழியும் காலி, நாளைய குழியும் காலி. ஒரு மணி நேரத்தில் மனிதர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

அந்தத் தாளை அமைத்தவரே மாமனார்தான். முப்பது வருடம் மருந்துத் தாள்களுக்குப் பொடி எழுத்து கோத்தவர். கடுகைக் கொடுத்தால் அதன் முதுகில் பத்து எச்சரிக்கை எழுதி, ஓரத்தில் இடமும் மிச்சம் வைப்பார். ஐந்து பாயிண்ட் என்ற பொடி அளவுக்கு எந்த எழுத்து வகை என்று முடிவு செய்ய ஆறு மாதம். ஃப்ரிட்ஜ், அலமாரி, கழிப்பறைக் கதவு எல்லாம் மாதிரித் தாள்கள். மருமகள்தான் சோதனை எலி.

"படிம்மா, இது மூணா, எட்டா?"

"எட்டு மாமா."

"போச்சு! மூணு. ஒரு ஆளைக் கொன்னுட்டே."

அன்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மெல்லிய கோட்டு எழுத்தழகிகள் எல்லாம் பொடி அளவில் கரைந்துபோவார்கள் என்பார். "வயிறு திறந்திருக்கணும், காலு தடிமனா ஊனி நிக்கணும். மொத்தத்துல உங்க அத்தை மாதிரி." கடைசியில் நுனிகளில் குட்டிக் கால்கள் முளைத்த ஒரு செரிஃப் வகையைப் பிடித்தார்.

இப்போது அவள் தாளை விளக்கடியில் பிடித்தாள். பாழாய்ப்போன எழுத்து, ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. 'ஒரே நேரத்தில் இரண்டு எடுத்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.'

அவள் அந்த வரியை மறுபடியும் படித்தாள்.

கதவு தட்டப்பட்டது. "ஏம்மா, திற." மாமியார். உள்ளே வந்ததும் அவளே தாழ்ப்பாள் போட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்த மாத்திரைத் தாளு உங்கிட்டயா இருக்கு? அதுல என்ன போட்டிருக்கு பாரு. காலைல நான் ஒண்ணு குடுத்தேன். இப்பப் பார்த்தா ரெண்டு குழி காலி. தூக்கக் கலக்கத்துல நான்தான் ரெண்டாக் குடுத்துத் தொலைச்சேனோ என்னவோ..."

குழாய் சொட்டியது. பேசாமல் இருந்தால் போதும். பழி தானாக இடம் மாறிக்கொள்ளும். கூடத்தில் டாக்டர் இருமினார்.

"ஒண்ணு நான் குடுத்தது, அத்தை."

மாமியார் அவளையே பார்த்தாள். பிறகு, தாளைப் படிப்பதற்காகக் கொண்டுவந்திருந்த மாமனாருடைய பூதக்கண்ணாடியின் உறையைத் திறந்தாள். கண்ணாடி வெளியே வருவதற்கு முன்னால் மாத்திரைகள் வந்து விழுந்தன. இருபதுக்கு மேல் இருக்கும். இரண்டு மட்டும் எச்சில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"அடப்பாவி மனுஷா," என்றாள் மாமியார் மெதுவாக. "தண்ணியக் குடிச்சியே... ஆன்னு வாயத் திறந்து காட்டினியே..."

மருமகள் தாளைக் கடைசி வரை தேடினாள். மூலையில் ஒரே ஒரு வரிக்கு அடியில் பென்சில் கோடு, அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி. 'சிலருக்குப் பார்வை மங்கலாம்.'

"என்ன எழுதியிருக்கு?"

அவள் படித்துக் காட்டினாள். "கண்ணு போயிடும்னு பயந்து ஒண்ணக்கூட முழுங்கல இந்த மனுஷன்," என்றாள் மாமியார்.

"டாக்டர் கூப்பிடுறாரு!" என்று வெளியிலிருந்து யாரோ சொன்னார்கள்.

மாமியார் அவசரமாகத் தாளை மடிக்கப் பார்த்தாள். மருமகள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். நீளமாக மடித்தார்கள், அகலமாக மடித்தார்கள், பிரித்துவிட்டு மறுபடி மடித்தார்கள். பழைய மடிப்பு வரவேயில்லை.