கீழ்த்தளத்து நாலாவது கதவு

மூவாயிரத்து நானூற்று அறுபது. பல்கலைக்கழகத்துக்கு நான் கட்ட வேண்டிய தொகை அது என்று தாளில் அச்சடித்திருந்தது. என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. ‘பராமரிப்புப் பணியாளர் (பலகை)’ என்று இருந்தது. பலகை மாட்டுகிற ஆட்கள் நாங்கள் இரண்டே பேர். இன்னொருவனுக்குத் தாள் வரவில்லை. ஆக, அது நான்தான்.

எழுத்துப் படித்தது நாற்பத்தாறு வயதில். ஒரு வரியை முடிப்பதற்குள் எனக்கு டீ ஆறிவிடும். அந்தத் தாளை மட்டும் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். புதிய பலகை சேதப்படுத்தப்பட்டது, அகற்றிய பழைய பலகை அனுமதியின்றி மீண்டும் பொருத்தப்பட்டது, காரணத்தைப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு மொழிநடைப் பிரிவில் நேரில் தெரிவிக்க வேண்டும்.

பணத்துக்குப் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் கடைசி வரிக்குத்தான் அதிகம் பயந்தேன். காரணத்தைச் சொன்னால் என் வீட்டுக்காரிக்கு வேலை போய்விடும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரே மாதிரி அறைக்குக் கட்டடத்துக்கு ஒரு பெயர். இங்கே ‘அலுவலகம்’, அங்கே ‘காரியாலயம்’, அதற்கு அடுத்ததில் ‘ஆபீஸ்’. ஒரு வருடம் ஒரு மாணவி ‘தேர்வுக்கூடம்’ எங்கே என்று தேடிக்கொண்டு ‘பரீட்சை மண்டபம்’ என்று எழுதிய வாசலிலேயே நின்றிருக்கிறாள். உள்ளே பரீட்சை முடிந்து எல்லோரும் வெளியே வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெரிய தகராறு. அதற்குப் பிறகுதான் மொழிநடைப் பிரிவு என்று ஒன்றை ஆரம்பித்து, அதற்கு ஒரு மேடத்தைப் போட்டார்கள். கடிதம், அறிவிப்பு, பலகை, பட்டியல் எல்லாவற்றிலும் ஒரு பொருளுக்கு ஒரே ஒரு சொல்தான் இருக்க வேண்டும் என்று நூற்று நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு போட்டார் அவர். நாங்கள் அவருக்கு ஒத்தைச்சொல் மேடம் என்று பெயர் வைத்தோம். அவர் காதுபடச் சொன்னதில்லை.

பலகைக்கும் அதில் சட்டம் இருந்தது. வெள்ளைத் தகடு, நீல எழுத்து, எல்லாம் ஒரே அளவு, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். அபாயக் குறி இருந்தால் வலது கீழ் மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பலகை. கழற்றுவதும் மாட்டுவதும் எங்கள் இருவர் தலையில்.

என் கூட்டாளி பெயர் ஏணி. ஆள் அவ்வளவு உயரம். “ஏணியைக் கூப்பிடு” என்றால் அவன் வருவான், “ஏணியைக் கொண்டா” என்றால் அலுமினிய ஏணி வரும். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்கிற சட்டத்தை நாங்கள் அங்கேயே மீறிவிட்டோம்.

அறிவியல் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு வந்தபோதுதான் என் கை நின்றது.

அங்கே ஒரே வரிசையில் ஆறு கதவு. எல்லாம் சாம்பல் நிறம், எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. முன்படிக்கட்டில் இறங்கினால் மூன்றாவது அமிலக் கழிவு வைக்கிற அறை. நாலாவது துப்புரவுச் சாமான் அறை. மூன்றாவது கதவில் யாரோ ஒரு காலத்தில் தூரிகையால் எழுதிய பலகை இருந்தது. கதவில் பாதி இருக்கும். ரத்தச் சிவப்பு, கோணல் எழுத்து, பல்லை இளிக்கிற மண்டை ஓடு.

என் வீட்டுக்காரி அந்தக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். விடியற்காலை ஐந்தரைக்கு இறங்கி, வாளி, துடைப்பான் எல்லாம் எடுப்பாள். அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஒப்பந்தக்காரர் தாளில் ‘எச்சரிக்கைப் பலகைகளைப் படிக்கத் தெரிந்தவர்’ என்று ஒரு வரி உண்டு. அதன் கீழே அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்தக் கையெழுத்தை ஒரு மாதம் உட்கார்ந்து படம் வரைவதுபோல நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என் முதுகு போன பிறகு எனக்கு மாதத்தில் பாதி நாள்தான் வேலை. வீட்டு வாடகை அவள் சம்பளத்தில்தான் போகிறது.

அவள் அந்தக் கட்டடத்தைப் படித்தது நிறத்தாலும் கோணலாலும்தான். பச்சைப் பலகை கழிப்பறை. மூலை உடைந்த பலகை பேராசிரியர் அறை. மண்டை ஓடு, தொடக் கூடாத கதவு. ஒவ்வொன்றாக நானே கழற்றி, எல்லாவற்றையும் வெள்ளையாக்கிக்கொண்டு வந்தேன்.

மேடம் மேற்பார்வைக்கு வந்தபோது கேட்டுப் பார்த்தேன். “மேடம், இந்தச் சிவப்பை மட்டும் அப்படியே விட்டுடலாமா?”

“ஏன்?”

“பழகிப்போச்சு, எல்லாருக்கும்.”

“எல்லாருக்கும் பழகினதுதான் இங்க பிரச்சினையே. ஒண்ணை விட்டா, நாளைக்கு ஒன்பது பேர் வந்து நிப்பாங்க. கழட்டுங்க.”

கழற்றினேன். சாயங்காலம் வீட்டில் அவளிடம் சொன்னேன். “இந்தா, நல்லாக் கேளு. நாளையிலேருந்து மண்டை ஓடு இருக்காது. எண்ணிக்கோ. படியிலேருந்து நாலாவது கதவு உன்னோடது. மூணாவதைத் தொடாத.”

“எனக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

“சொல்லி வைக்கிறேன்.”

“பத்து வரைக்கும் தெரியும். அதுக்கு மேல நம்ம வீட்டுல எதுவும் இருந்ததில்ல.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனசு கேட்காமல், மறுநாள் அமில அறைக் கைப்பிடியில் சிவப்பு மின்கம்பி ஒன்றைச் சுற்றிவைத்தேன். இரண்டாம் நாள் பார்த்தால் இல்லை. கையேட்டில் இல்லாதது என்று யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்தேன். ஏணி திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, சாமானையெல்லாம் பின்பக்கமாக் கொண்டு போகணும். முன்படிக்கட்டுல நேத்து ராத்திரியிலேருந்து பெயின்ட் அடிக்கிறாங்க. மூடிட்டாங்க.”

“கீழ்த்தளத்துக்குமா?”

“எல்லாத்துக்கும்தான்.”

எனக்குக் கணக்கு மெதுவாகத்தான் வரும். விரலை மடக்கினேன். ஆறு கதவு. பின்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது விரலையும் மடக்கினேன். பின்பக்கத்திலிருந்து எண்ணினால் நாலாவது கதவு, அமிலம்.

ஓடினேன். முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. பின்படிக்கட்டின் கடைசிப் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலி வாளி. வலது கையை மடியில், அடுத்தவருடைய பொருளை வைத்திருப்பதுபோல, ஏந்தி வைத்திருந்தாள். சீருடையின் கைப்பகுதியில் மூன்று ஓட்டைகள், ஓரம் கறுத்து.

“கத்தாதீங்க,” என்றாள். நான் வாயே திறக்கவில்லை.

“லைட்டு சுவிட்ச் இருக்கற எடத்துல இல்ல. இருட்டுல தடவினேன். கையில ஒரு பாட்டில் பட்டு ஆடிச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சு நிறுத்திட்டேன். மூடி சரியா இல்ல போல. மூக்குல ஏறினப்பதான் எங்க நிக்கிறேன்னு தெரிஞ்சுது.”

“கை?”

“குழாய்த் தண்ணியில பிடிச்சுக்கிட்டே இருந்தேன். ரொம்ப நேரம். எரியுது, அவ்வளவுதான். யாருகிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லக் கூடாது.”

மணிக்கட்டுக்கு மேலே அரிசி அளவில் மூன்று வெள்ளைக் காயங்கள். அந்தப் பாட்டில் ஒரு விரற்கடை இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. மருந்துக் கடையில் களிம்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, பழைய சாமான் கிடங்குக்குப் போனேன். மண்டை ஓடு சுவரோரம் கிடந்து இளித்துக்கொண்டிருந்தது. எடுத்துவந்தேன். புதுத் தகட்டை நெம்பியபோது அது வளைந்து, நடுவில் விரிசல் விட்டது. கவலைப்படவில்லை. சிவப்பை மாட்டி, திருகாணியை இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு முறுக்கினேன்.

இரண்டு நாளில் அந்தத் தாள் வந்தது.

“அண்ணே, பேரே போடலையே, தப்பிச்சுக்கோ,” என்றான் ஏணி.

“நம்ம ரெண்டு பேருல யாருன்னு கண்டுபிடிக்க முடியாதாக்கும்.”

“அது கையேட்டுல பக்கம் பதினொண்ணு அண்ணே. ஆளைச் சொல்லாத, பதவியைச் சொல்லு. எல்லாத் தாளுக்கும் அதான் சட்டமாம்.” கொஞ்சம் தள்ளிப்போய் நின்று, “நான் லீவுல இருந்தேன்னு சொல்லிடு,” என்றான்.

புதன்கிழமை பத்து மணி. மேடத்தின் அறையில் தூசு இல்லை, சத்தம் இல்லை. அலமாரித் தட்டு ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி எழுத்தில் சீட்டு. என் செருப்புச் சத்தம்தான் அங்கே கோணலாக இருந்தது.

“நீங்க ஒழுங்கா வேலை செய்றவர்னு சொன்னாங்க,” என்றார் மேடம். “ஐந்நூத்துச் சொச்சம் பலகையில ஒரு குறை இல்ல. இது ஏன்?”

நான் அலமாரிச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பேச வரலைன்னா எழுதிக் குடுங்க.”

தாளையும் பேனாவையும் தள்ளினார். அவ்வளவு வெள்ளையான தாளை நான் பார்த்ததில்லை. எழுதினேன். ஒவ்வோர் எழுத்தாக. ‘தவறு என்னுடையது.’ அதற்கு மேல் எதை எழுதினாலும் அந்தத் தாளில் அவள் வந்து நின்றுவிடுவாள் என்று பேனாவை வைத்துவிட்டேன்.

“இது காரணம் இல்லையே,” என்றார் மேடம். “காரணம் இல்லைன்னா பணத்தோட முடியாது. மேல எழுத வேண்டி வரும். அப்புறம் வேலையே...”

“மேடம்.”

வாசலில் என் வீட்டுக்காரி. கையில் துடைப்பான். அந்த மாடி அவள் பார்க்கிற மாடியே இல்லை. நான் கண்ணால் ‘போ’ என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“அவர் எனக்காகத்தான் மாட்டினாரு. எனக்குப் படிக்கத் தெரியாது.” கைப்பகுதியைச் சுருட்டிக் காட்டினாள். “அந்த மண்டை ஓட்டைப் பார்த்துதான் ஒன்பது வருஷமா அந்தக் கதவைத் தொடாம இருந்தேன். இப்ப எல்லாக் கதவும் ஒரே மாதிரி.”

மேடம் தழும்பைப் பார்த்தார். பிறகு என் தாளைப் பார்த்தார். பிறகு எழுந்து, “வாங்க, கீழ போகலாம்,” என்றார்.

கீழ்த்தளத்தில் பின்படிக்கட்டிலிருந்து இறங்கினோம். மேடம் கடைசிப் படியிலேயே நின்று வரிசையைப் பார்த்தார். ஐந்து வெள்ளை, ஒரு சிவப்பு. வெள்ளையில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கிருந்து அவராலும் படிக்க முடியவில்லை. இரண்டு எட்டு முன்னால் வைத்தார், இன்னும் இரண்டு வைத்தார். அப்புறம்தான் படித்தார். சிவப்பு மட்டும் படியிலிருந்தே தெரிந்தது.

“உங்கள மாதிரி இங்க எத்தனை பேர் இருப்பாங்க?” என்று அவளைக் கேட்டார்.

“எண்ணச் சொன்னா எண்ணித் தர்றேன் மேடம். பேரு மட்டும் கேக்காதீங்க.”

“பேர் எழுதறது கையேட்டுலயே கிடையாது,” என்றார் மேடம். சிரிக்காமல்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரியைக் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று. “உங்களுக்கு வேலை போனா அதுவும் நம்ம வாடகைதானே,” என்றாள்.

அதோடு பயம் முடியவில்லை. மேடம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். அதன் நகல் ஒப்பந்தக்காரருக்கும் போயிற்று. ‘படிக்கத் தெரியாத துப்புரவுப் பணியாளர் ஒருவர்’ என்று மட்டும் அதில் இருந்ததாம். யார் அந்த ஒருவர் என்று கண்டுபிடிக்க, அடுத்த திங்கட்கிழமை ஒப்பந்தக்காரருடைய சூப்பர்வைசர் பத்தொன்பது பெண்களையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார். நான் எதிரே அலுமினிய ஏணி மேல். துளைபோடும் இயந்திரத்தை ஓட விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சூப்பர்வைசர் ஒரு புதுத் தகட்டைத் தூக்கிப் பிடித்தார். “ஒவ்வொருத்தரா வந்து படிங்க. படிக்கத் தெரியாதவங்க அப்படியே கேட்டைப் பார்த்து நடங்க.”

முதல் பெண் படிக்கத் தெரிந்தவள். நிறுத்தி நிதானமாக, ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தாள். “அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது.”

இரண்டாவது பெண்ணும் அதையே சொன்னாள், மூன்றாவதும் அதையே. என் வீட்டுக்காரி நாலாவது. தகட்டின் முன்னால் நின்று கண்ணைச் சுருக்கினாள், படிக்கிறவர்கள் சுருக்குவதுபோல. அவள் கழுத்து நரம்பு துடிப்பது எனக்கு ஏணி மேலிருந்தே தெரிந்தது.

“அனுமதியின்றி,” என்றாள். நிறுத்தினாள். “உள்ளே நுழையக் கூடாது.”

“அடுத்து,” என்றார் சூப்பர்வைசர்.

சந்தேகம் வந்து வேறு எச்சரிக்கைப் பலகை கொண்டுவரச் சொன்னார். ஏணி மூன்று கட்டடத்திலிருந்து மூன்று தகடு கொண்டுவந்து கொடுத்தான். மூன்றிலும் அதே வரி. எச்சரிக்கை என்றால் எல்லா இடத்திலும் ஒரே வரிதான் இருக்க வேண்டும் என்பது சட்டம். பத்தொன்பது பேரும் பாஸ். கடைசிப் பெண் தகடு வருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். சூப்பர்வைசர் அதைக் கவனித்தாரா, கவனிக்காத மாதிரி இருந்தாரா, தெரியாது. தகட்டை ஏணியிடம் நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த மாதச் சம்பளத்தில் பணம் பிடிப்பார்கள் என்று காத்திருந்தேன். பிடிக்கவில்லை. பிடிக்காதது இன்னும் பயமாக இருந்தது. மொத்தமாக அடுத்த மாதம் பிடிப்பார்களோ என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். சம்பளத்துக்கு மறுநாள் கையேட்டில் ஒட்டச் சொல்லி ஒரு தாள் வந்தது. அபாயமுள்ள அறைகளுக்குச் சிவப்புப் பலகை, கதவில் பாதி அளவு, மண்டை ஓட்டுப் படத்துடன், இரு படிக்கட்டிலிருந்தும் தெரியும்படி. பதினான்கு அறை. ஏணியும் நானும் ஒரு வாரத்தில் மாட்டிவிட்டோம்.

அதற்கும் ஒன்பது நாள் கழித்துத்தான் எனக்கான தாள் வந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய், விளக்கின் கீழே உட்கார்ந்து, அவளுக்குப் படித்துக் காட்டினேன். பயம் இல்லாததால் என் வாசிப்பு பழையபடி நொண்டியது. ‘பலகை மாற்றியதில் ஏற்பட்ட குறை மொழிநடைப் பிரிவையே சாரும். பராமரிப்புப் பணியாளரிடமிருந்து வரவேண்டிய தொகை மூவாயிரத்து நானூற்று அறுபது...’

“அதுல என் பேரு இருக்கா?” என்றாள்.

“இல்ல.”

“உங்க பேரு?”

“என் பேரும் இல்ல.”

“சரி, மீதியைப் படிங்க.”

‘தள்ளுபடி செய்யப்படுகிறது’ என்று படித்தேன். அவள் நம்பவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.