நூற்றியொரு மூட்டை மஞ்சள்

எங்கள் ராமுத்தாய் ஸ்டோர்ஸில் ஒரு வேலையைத் தொடங்க இரண்டு பேருடைய சம்மதம் வேண்டும். ஒருவர் முதலாளி கோட்டைச்சாமி. இன்னொருவர் அவருடைய பஞ்சாங்கம். முதலாளியைக்கூட எப்படியாவது பேசிச் சரிக்கட்டிவிடலாம்.

நான் சுந்தர்ராஜ். தேனியில் இருக்கும் குடோனுக்குப் பொறுப்பாளன். பெரியகுளத்திலிருந்து கம்பம் வரை எங்களுக்கு ஏழு கடைகள். அரிசி, பருப்பு, சோப்பு, சீயக்காய் எல்லாம் என் குடோனிலிருந்துதான் போக வேண்டும். போன வருஷம் வரை ஏழு கடை மேனேஜர்களும் போன் போட்டுத்தான் சரக்குச் சொல்வார்கள். எப்போது தெரியுமா? நான் தலையில் முதல் செம்புத் தண்ணீரை ஊற்றும்போது. ஒரு கையில் சோப்பும் மறு கையில் போனுமாக நின்று, துவரம்பருப்பு எத்தனை மூட்டை என்று கேட்டுக் கேட்டே என் மண்டையில் பாதி முடி போய்விட்டது. ஆகவே, இனிமேல் ஆர்டரெல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று முதலாளி அறிவித்தபோது, கம்பெனியிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான்.

அந்த வேலையைச் செய்து முடிக்க வந்தவள் பெனாசிர். உத்தமபாளையத்துப் பெண். கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தவள், அம்மா அம்சத் பீவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதும், கூடமாட இருக்க ஆள் இல்லையென்று ஊருக்கு வந்துவிட்டாள். முதல் நாளே முதலாளி அவளிடம் பேச்சைத் தெளிவாக வைத்துக்கொண்டார்.

"இங்கன பாருத்தா. சிஸ்டம் ஓடுச்சுன்னா நீ நிரந்தரமா இங்கனயே இரு. உனக்குன்னு தனி ரூமு, தனி ஏசி. ஓடலைன்னா கோயம்புத்தூரு பஸ்ஸு எந்நேரத்துக்குன்னு உனக்கே தெரியும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் தலையாட்டினாள். ஆனால் அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் சொன்னாள்: "ஓடியே ஆகணும்ணே. அம்மா இன்னும் செவுத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்குறாக. மறுபடி விட்டுட்டுப் போக என்னால ஆகாது."

ஒவ்வொருவரையும் உட்காரவைத்து விசாரிப்பதுதான் அவள் செய்த முதல் வேலை. என் முறை வந்தபோது, "சரக்கு எப்படி வருது, எப்படிப் போகுது, எதையும் விடாம சொல்லுங்கண்ணே. இதெல்லாம் என்ன பெரிய விஷயம்னு நெனைக்கிறதையும் சொல்லுங்க" என்றாள். கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? காலை டீயில் ஆரம்பித்தவன் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. கம்பம் கடை நாகராஜ் ஒரு மூட்டை வேண்டுமானால் ஒன்றரை கேட்பான் என்பது வரை ஒப்பித்தேன். அவளும் சளைக்காமல் எல்லாவற்றையும் டைப் செய்துகொண்டாள். ஒரு விஷயம் மட்டும் விட்டுப்போனது. அது விட்டுப்போனது ஏழு மேனேஜர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எந்த வாரம் எந்த வேலை என்று பெரிய அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டினாள். முதலாளி அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லாம் சரித்தா. இதுல ராகுகாலத்தக் காணமே?" என்றார். அதிலிருந்துதான் அவளுக்குச் சோதனை. ஆனியில் முடிந்திருக்க வேண்டியது ஆடி பிறந்துவிட்டது என்று நின்றது. ஆவணியில் குறித்த நாளன்று முதலாளிக்குச் சந்திராஷ்டமம். ஐப்பசியில் மழை வந்து இன்டர்நெட் வயர் அறுந்தது. அதற்கு அட்டவணையில் இடம் இருந்தது. பிறகு மார்கழி வந்தது, அதற்கு இல்லை. வேறொருத்தியாக இருந்தால் லேப்டாப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருப்பாள். நானாக இருந்தால் கட்டாயம் எறிந்திருப்பேன். பெனாசிரோ அட்டவணையில் ராகுகாலம், எமகண்டம், கரிநாள் என்று மூன்று பத்திகளைச் சேர்த்தாள். மார்கழி முடிவதற்குள், செவ்வாய்க்கிழமை ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று என் மனைவியே அவளுக்குப் போன் செய்து கேட்கும் நிலைமை வந்துவிட்டது.

"அம்மா சிரிக்கிறாகண்ணே" என்றாள். "நீ கம்ப்யூட்டரு வேலைக்குப் போறியா, ஜாதகம் பாக்கப் போறியான்னு கேக்குறாக."

கடைசியாக ஒரு தகராறு. கடைகள் கேட்பதைக் குடோன் இருப்போடு ஒப்பிட்டு, குறைகிற சரக்குக்கு சிஸ்டமே வியாபாரிகளுக்கு ஆர்டர் அனுப்பிவிடும். அனுப்புவதற்கு முன் முதலாளி ஒவ்வொன்றாகப் படித்துச் சம்மதம் தர வேண்டும் என்று அவள் வைத்திருந்தாள். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

"நல்ல நேரத்துல நான் ஒரு தடவதான் அமுக்குவேன். மொளகாய்க்கு ஒண்ணு, மல்லிக்கு ஒண்ணுன்னு அமுக்கிக்கிட்டு உக்கார முடியாது."

"படிச்சுப் பாத்துட்டு அமுக்கணும் ஐயா."

"தாலி கட்டுறவன் படிச்சுப் பாத்துட்டா கட்டுறான்?"

அன்றைக்கே அவள் 'அனைத்துக்கும் சம்மதம்' என்று பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தாள்.

தை வெள்ளிக்கிழமை காலையில் தொடக்க விழா. மானிட்டருக்கு மாலை, கீபோர்டுக்குக் கதம்பம். சந்தனம் வைக்கிற பொறுப்பு என்னுடையது. தாராளமாகவே வைத்தேன். அது திரையில் அளவு காட்டும் இடத்தில் போய் உட்கார்ந்தது பிறகுதான் தெரிந்தது.

நல்ல நேரம் பிறந்ததும் ஏழு கடைகளிலிருந்தும் ஆர்டர்கள் வரத் தொடங்கின. எல்லோருடைய முதல் வரியும் மஞ்சள்தான். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் கம்பெனியில் அது பழைய வழக்கம். புதுக்கணக்குத் தொடங்கும் நாளில் ஒவ்வொரு மேனேஜரும் எனக்குப் போன் போட்டு, "மஞ்சள் நூத்தியொரு மூட்டை" என்பார்கள். நான், "வந்துச்சு, மங்களமா வந்துச்சு" என்பேன். அவ்வளவுதான். மஞ்சள் எங்கேயும் போகாது, வராது. வருஷத்தின் முதல் சொல் மஞ்சளாக இருக்க வேண்டும், அதற்காக. நூற்றியொரு மூட்டை மஞ்சளை வைத்துக்கொண்டு ஒரு மளிகைக் கடை என்ன செய்யும், மாரியம்மன் கோயிலா நடத்தும்? புது மிஷினும் ஒரு புதுக்கணக்குதானே, பயல்கள் முறையை மறக்கவில்லையே என்று நான் பூரித்துப்போனேன். முதலாளி கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பச்சைப் பொத்தானை அமுக்கினார். எல்லோரும் கை தட்டினோம். பெனாசிர் வாசலுக்குப் போய் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஈரோட்டு மஞ்சள் வியாபாரியிடமிருந்து எனக்குப் போன்.

"ஏனுங்க, மஞ்சள் எழுநூத்திச் சொச்சம் மூட்டைங்களா?"

அடடா, எவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷன், நம் வழக்கத்தைக் கேள்விப்பட்டு அவரும் வாழ்த்துகிறாரே என்று நினைத்தேன். வாய் நிறையக் கேசரியோடு, "வந்துச்சு, மங்களமா வந்துச்சு!" என்றேன்.

"சந்தோசமுங்க" என்று வைத்துவிட்டார். சந்தோஷம் வராமல் என்ன செய்யும்?

மறுநாள் காலை, குடோன் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நின்றது. டிரைவர் தார்ப்பாயை அவிழ்த்ததும் தெருவே மணத்தது. "இது மொதல் லோடுங்க. மிச்சம் பின்னால வருது" என்றார். தகவல் போய் முதலாளி வந்து இறங்கினார். ஏழு மேனேஜர்களையும் போனில் பிடித்தார். ஏழு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "அது எப்பவும் சொல்றதுதானே முதலாளி, மிஷினுக்குத் தெரியாதா?"

பெனாசிர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். லேப்டாப்பைத் திறந்தாள், திரையைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். மேனேஜர்கள் சொன்னதைச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "இப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு யாருமே சொல்லலையேண்ணே?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அரை நாள் வாய் கிழியப் பேசியவன் நான். மூச்சு விடுவதை யாராவது வேலைக் கணக்கில் சொல்வார்களா? அப்படித்தான் எனக்கு அந்த மஞ்சள்.

"லாரியத் திருப்பு" என்றார் முதலாளி. "மிஷினைப் பூட்டு. திங்கக்கிழமையிலருந்து பழையபடி போனு. இந்தப் பிள்ளைக்கு என்ன குடுக்கணுமோ குடுத்து அனுப்பிரு சுந்தர்ராஜு."

"முதலாளி, ஈரோட்டுக்காரரு என்னையக் கேட்டாரு. நான்தான் வந்துச்சுன்னு சொன்னேன்" என்றேன்.

"உன்னய அப்புறம் வச்சுக்கிறேன். நீ எங்க போயிரப் போற?"

உண்மைதான். நான் எங்கேயும் போகப்போவதில்லை. அவள்தான் போக வேண்டும். அவள் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தாள். சுவரில் இருந்த அட்டவணையை உரிக்கப் போனவள், ராகுகாலப் பத்தியில் கை பட்டதும் நிறுத்தினாள். பிறகு திரும்பினாள்.

"ஐயா, போறேன். தெரியாமத்தான் கேக்குறேன், எங்க வீட்டுல இந்த முறையெல்லாம் கெடையாது. தை மாசத்துல, தொடங்குன மறுநா, வாசலுக்கு வந்த மஞ்சளத் திருப்பி அனுப்பலாமா?"

லாரி டிரைவர் அவிழ்த்த கயிற்றைக் கையில் பிடித்தபடி முதலாளியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த ஆள் காலண்டர் கிழிக்கக்கூட நல்ல நேரம் பார்ப்பவர். தன் ஆத்தாள் பெயர் எழுதிய போர்டுக்குக் கீழே நின்றுகொண்டு, மூட்டை மூட்டையாக மஞ்சளை வெளியே போ என்று சொல்ல அவருக்கு நெஞ்சு வருமா?

"ஏலே, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? எறக்குங்கடா!" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஈரோட்டுக்குப் போனைப் போட்டு மிச்ச லோடை நிப்பாட்டு. அங்கனயே நிக்கட்டும், வாசலுக்கு வந்துறக் கூடாது" என்றார்.

"அப்ப மிஷினு?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் போல.

"மஞ்சளோட வந்தத எவனாவது தூக்கி எறிவானா?" என்று எரிந்து விழுந்தார். பெனாசிரைப் பார்க்காமல் லாரியைப் பார்த்துச் சொன்னார்: "ஏத்தா, இத்தன மஞ்சளையும் எந்தக் கடையில எவ்வளவு தள்ளலாம்னு உன் மிஷினு சொல்லுமா?"

"சொல்லும் ஐயா" என்றாள். அவசரத்தில் பை ஜிப் சிக்கிக்கொண்டது. லேப்டாப்பை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அது சொன்னது. சித்திரையில் வரும் வீரபாண்டித் திருவிழாவுக்குள் கடைசி மூட்டையும் போய்விட்டது. மூன்று மாதம் நான் போட்ட சட்டையெல்லாம் மஞ்சளாகவே இருந்தது. கறை போகவில்லை, என் மனைவியின் கோபமும் போகவில்லை. அந்தப் பச்சைப் பொத்தானை முதலாளியே எடுக்கச் சொன்னார். இப்போது ஒவ்வொரு ஆர்டரையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துத்தான் அமுக்குகிறார். சரக்குப் பெயர்களில் 'மங்கல மஞ்சள்' என்று ஒன்றைப் பெனாசிர் சேர்த்திருக்கிறாள். எத்தனை மூட்டை கேட்டாலும் 'மங்களமா வந்துச்சு' என்று பதில் போடும். லாரி வராது.

எனக்கும் காலையில் போன் வருவதில்லை. நிம்மதியாகக் குளிக்கிறேன். ஆரம்பத்தில் அது பெரிய சுகமாக இருந்தது. போகப் போக, தலையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்பது என்னவோ போலவும் இருந்தது. இதை வெளியே சொன்னால் நாகராஜ் சிரிப்பான்.

திருவிழா முடிந்த வாரம் ஒரு நாள், முதல் செம்பைக் கவிழ்க்கும்போது போன் அடித்தது. ஈரக்கையோடு எடுத்தேன். பின்னணியில் ஏசி சத்தம்.

"அண்ணே, நல்ல நேரம்னு காலங்காத்தாலயே வரச்சொல்லி, நிரந்தரம்னு இப்பத்தான் ஆர்டர் கையில குடுத்தாக. அம்மாகிட்ட சொல்லிட்டேன். அடுத்து உங்களுக்குத்தான்."

சோப்பு நுரை கண்ணில் இறங்கியது. அதனால்தான் கண் எரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"புது ரூமுல இன்னைக்குத்தான் உக்காந்திருக்கேன்" என்றாள். "அதான், எழுதிக்கோங்கண்ணே. மஞ்சள் நூத்தியொரு மூட்டை."

"வந்துச்சு ஆத்தா" என்றேன். "மங்களமா வந்துச்சு."