ஒரு வீட்டுக்கு ஒரு பிளக்

எங்கள் தொடர்மாடியில் ஒரு வீட்டுக்கு ஒரு பிளக். அது கார் நிறுத்துமிடத்துக் கம்பத்தில் இருக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை என்றால், எஞ்சின் சூடாவதற்குக் காரின் மூக்கில் தொங்கும் வயரை அதில் நாலு மணித்தியாலம் கொழுவ வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் விறைத்துவிடும்.

ஊரைவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த மூன்றாவது குளிர்காலத்தில் என் இடுப்பிலிருந்தும் ஒரு வயர் வந்தது. எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. பிளக்கைக் காருக்கே கொடுத்தேன். நான் விறைத்தேன்.

விறைத்த ஆள் இரண்டு வேலை பார்க்கலாம். தாள்களில் கையெழுத்துப் போடலாம். வேலைக்கு வேண்டிய பேச்சும் வரும். வேறு பேச்சு வராது. ஊரிலிருந்து என் மனைவி யோகராணி எடுத்த அழைப்பு ஒன்றையும் மூன்று வருடமாக நான் எடுக்கவில்லை. களைப்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நான் கையெழுத்துப் போட்ட தாள்களால் விசா கிடைத்து, நாளை நண்பகல் அவள் விமானத்தில் வந்து இறங்குகிறாள். காரைக் கொழுவினால் அவளை "வா" என்று சொல்ல எனக்கு வாய் வராது. என்னைக் கொழுவினால் கார் வராது.

இன்னொரு பிளக் கேட்கப் போனேன். அலுவலகம் பக்கத்துக் கதவுதான். நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. வழியில் இரண்டு தடவை பசித்தது.

பொறுப்பாளர் அருமைநாயகம் ஒரு படிவத்தை எடுத்தார். அதில் இரண்டு கட்டங்கள்.

"ஆருக்குப் பிளக்?"

"எனக்குத்தான் அண்ணை."

"உமக்குச் சூடு சுரணை இருக்கோ?"

"அதுக்குத்தானே கேக்கிறன்."

"சூடு நாங்கள் தருவம். சுரணையை நீர்தான் கொண்டுவர வேணும். உம்மட மனுசி போனில கோல் எடுத்தாத் தூக்கிறனீரோ?"

"இல்லை."

சுரணைக்கான இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டார். "அப்ப பிளக் ஒண்டுதான். போம்."

மறுநாள் காலை காரைக் கொழுவிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். நாலு மணித்தியாலம் முடிந்ததும் அது தானாக உறுமியது. கதவைத் திறக்க எனக்குக் கை மடங்கவில்லை. கார் கொஞ்சம் காத்திருந்தது. பிறகு விமான நிலையத்துக்குத் தனியாகப் புறப்பட்டது. யோகராணியின் படம் கண்ணாடியில் ஒட்டியிருந்ததால் அதற்கு ஆளைத் தெரியும்.

பிளக் சும்மா இருந்தது. என்னைக் கொழுவவும் கை மடங்கவில்லை.

கார் திரும்பி வந்தது. யோகராணி சூட்கேசோடு இறங்கினாள். ஆறு வயது கூடியிருந்தாள். என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். என் ஜாக்கெட்டைத் தூக்கி, வயரைத் தேடிப் பிடித்து, கம்பத்தில் கொழுவினாள்.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"நாலு மணித்தியாலம்," என்றேன். அது வேலைக்கு வேண்டிய பேச்சு.

"நான் ஆறு வருசம் காத்திருந்தனான்," என்று சூட்கேசின் மேல் குந்தினாள்.

கார் தன் வயரை மெல்ல முன்னால் நீட்டியது.

"நீ பொறு," என்று அதட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, ஒருக்காலாவது கோலைத் தூக்கியிருக்கலாமே?"

இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. காலும் கையும் இன்னும் கட்டையாகவே இருந்தன. முகம் மட்டும் எரிந்தது. சூடு வருவதற்கு முன்பே சுரணை வந்துவிட்டது.