நல்ல ரத்தம்

ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஆரோக்கியமான ஆள் ரத்தம் வேண்டுமென்றால் விஞ்ஞானியம்மா புருஷனைத்தான் பிடிப்பாள். நோயாளி ரத்தத்தில் இருப்பது நல்ல ரத்தத்தில் இல்லை என்று காட்டினால்தானே யாரும் நம்புவார்கள்? டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அந்த மனுஷனும் வாயைத் திறக்காமல் கையை நீட்டிவிடுவார். இருபது வருடமாக அவள் எழுதிய கட்டுரைகளில் 'நலமான ஒருவர்' என்று வருகிற இடமெல்லாம் இவர்தான். "உலகத்துக்கே நான்தான் நார்மல்" என்று சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொள்வது வேறு.

அன்று காலையும் ஊசியோடு வந்து நின்றாள். என்றுமில்லாமல் மனுஷன் நெளிந்தார்.

"இன்னிக்கு வேணாமே. இடுப்பெல்லாம் விண்ணு விண்ணுனு தெறிக்குது."

"இடுப்புலயா எடுக்கப் போறேன்? கையை நீட்டுங்க."

"புதுசா ஒருத்தன் கத்துக்க வந்திருக்கான். பிரேக்கை மிதிச்சு மிதிச்சு என் எலும்பைக் கழட்டிட்டான்" என்று முனகிக்கொண்டே நீட்டினார்.

மத்தியானம் லேபில் அந்த ரத்தத்தை மெஷினில் விட்டாள். அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்தில் ஓடவிட்டு இனம் பிரிக்கிற மெஷின். ரத்த அணுக்கள் அத்தனைக்கும் தாயான ஸ்டெம் செல், எலும்பு மஜ்ஜைக்குள் அடங்கிக் கிடக்க வேண்டிய ஜாதி. வெளியே எப்போதாவது ஒன்றிரண்டு தலைகாட்டும், அவ்வளவுதான். இவர் ரத்தத்திலோ பள்ளிக்கூடம் விட்ட மாதிரி கூட்டம்!

மெஷினைத் திட்டினாள். கழுவி மறுபடி ஓட்டினாள். அதே கூட்டம். வெள்ளை அணுக்களும் எக்கச்சக்கம். எலும்பு வலி வேறு. ஊரான் ரத்தமாக இருந்தால் நிதானமாக நாலு கேள்வி கேட்டிருப்பாள். கட்டினவர் ஆயிற்றே, படித்த படிப்பெல்லாம் ஒரே பக்கமாக ஓடியது: ரத்தப் புற்றுநோய். ஆயுசெல்லாம் அந்தச் சனியன் பின்னாலேயே சுற்றினேனே, என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது தெரியவில்லையே என்று ஓவென்று அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். சாலைக் குறிகள் வரைந்த சுவருக்குக் கீழே அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எதுவும் கேக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"நாளைக்குத்தானே வரச் சொன்னாங்க?" என்றார் அவர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"யாரு வரச் சொன்னாங்க?"

அதற்கு மேல் மறைக்க முடியுமா? "ஸ்டெம் செல் தானத்துக்கு நீ பேர் குடுத்தப்போ, துணைக்கு நானும் குடுத்தேன்ல? முகம் தெரியாத யாருக்கோ என்னோடது பொருந்துதாம். மஜ்ஜையில இருக்கறது ரத்தத்துக்கு வரணும்னு தினம் ஊசி போடறாங்க. அதான் இந்த வலி."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அதே ஊசியை எலிக்குப் போடறவளே நான்தான்! எனக்குத் தோணலை பாருங்க. பாவி மனுஷா, மத்தியானத்துலேர்ந்து செத்துப் பொழச்சேன். சொல்லித் தொலைச்சா என்ன?"

"எப்படிம்மா சொல்றது? பேர் குடுத்ததுலேர்ந்து உன்னைக் கூப்பிடுவாங்கன்னு காத்திருக்கே. தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்தா ஓடறே. போயும் போயும் எனக்கு வந்திருக்கு."

அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அங்கேயே சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போய், அங்கே ஸ்டெம் செல்லை விட்டுவிட்டு, மறு கை வழியாகத் திரும்பியது. கடைசியில் சின்னதாக ஒரு பை நிறைந்தது. அந்தச் செல்களை வாழ்நாள் முழுக்க மெஷின் திரையில் புள்ளிகளாகவே பார்த்தவள், அவை ஓர் உயிரைத் தேடிக் கிளம்புவதை அன்றுதான் பார்த்தாள். நர்ஸ் தூக்கும் முன் பையின் பக்கம் குனிந்தாள்.

"போற இடத்துல சமத்தா இருக்கணும். அந்த உடம்போட சண்டை கிண்டை போடக் கூடாது. தெரியுதா?"

"நான் எப்பம்மா சண்டை போட்டேன்?" என்றார் கட்டிலில் கிடந்தவர்.

"உங்ககிட்டப் பேசலை. கையை ஆட்டாம படுங்க."